ஏழாம் நம்பர் மெஷின்

மெதுவாங்க! பையை அதுமேல வைக்காதீங்க. வெடிகுண்டு இல்லீங்க, பயப்படாதீங்க. காது சோதிக்கற மெஷின். உள்ள ஒரு சின்ன பல்பு இருக்கு. இந்த டிரைவர் பள்ளம் மேடு பாக்காம ஓட்டற ஓட்டத்துல அதுக்கு ஏற்கெனவே பாதி உசுரு போயிருக்கும். மீதிக்கு உங்க பை வேற எதுக்கு?

கோவிச்சுக்காதீங்க. காலைல இருந்து யாரைப் பாத்தாலும் எனக்குக் கோவந்தான் வருது. காலைல இருந்துன்னா, பத்து நாளா. உக்காருங்க. நான் புளியம்பட்டில எறங்கி, கள்ளிமேட்டுப்பாளையம் போகணும். அங்க அங்கமுத்துன்னு ஒருத்தன். பவர்லூம்ல வேலை. அவன் மகளுக்கு இந்த மெஷின்ல காது பாக்கணும். இதே மெஷின்ல. ஏழாம் நம்பர்னு ஓரத்துல போட்டிருக்கு பாருங்க. இதுல பாத்துத்தான் அந்தக் குழந்தைக்குக் காது நல்லா இருக்குன்னு ஸ்கூல்ல சீட்டுக் குடுத்தாங்க. இப்ப அது தப்பாம். மெஷின் தப்பாம். நான் டிசைன் பண்ணின மெஷின்!

இன்னொரு தரம் ஹெட்போனை மாட்டிப் பாத்தா அந்தக் குழந்தை பட்டனை அமுக்கும். அமுக்குச்சுன்னா கேக்குதுன்னுதானே அர்த்தம்? அவங்கப்பன்கிட்ட அதை எழுதி வாங்கிட்டு வந்து ஆபீஸ் மேஜை மேல போடறேன். அப்புறம் பேசட்டும் அந்த அம்மணி.

எந்த அம்மணின்னா, முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

என் பேரு சென்னியப்பன். கணபதிங்கற எடத்துல ஒரு பட்டறை, ஆஸ்பத்திரிக்கு வேணுங்கற சின்னச் சின்ன கருவியெல்லாம் பண்ணுவோம். இருபத்தாறு வருஷமா அங்க சர்க்யூட் போடறவன் நான். முதலாளி திருமூர்த்தி. நல்ல மனுஷன், ஆனா யார் கடைசியாப் பேசறாங்களோ அவங்க பக்கம் சாய்ஞ்சுடுவார். போன வருஷம் ஒரு ட்ரஸ்ட்காரங்க வந்தாங்க. கிராமத்து ஸ்கூல்ல குழந்தைங்களுக்குக் காது பாக்கணும், வெளிநாட்டு மெஷின் ஒண்ணு வாங்கற காசுதான் இருக்கு, அதுல பன்னெண்டு மெஷின் வேணும்னாங்க. முதலாளி சிரிச்சார். நான் சிரிக்கலை. ஆறு மாசம் குடுங்கன்னேன்.

காது சோதிக்கற மெஷின்ல என்னங்க கஷ்டம், பீப்னு ஒரு சத்தம், அவ்வளவுதானேன்னு கேப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. எந்த சத்தம்ங்கறதுதான் விஷயம். சுத்தமான ஒரே சத்தம் வேணும். சைன் அலைன்னு சொல்வோம். ஏறி, எறங்கி, ஏறி, எறங்கி, ஒரு பிசிறு இல்லாம வரணும். அதை உண்டாக்கற சர்க்யூட்டுக்கு ஆசிலேட்டர்னு பேரு.

குழந்தையை ஊஞ்சல்ல வெச்சு ஆட்டியிருப்பீங்கல்ல? கம்மியாத் தள்ளினா ஊஞ்சல் கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஜாஸ்தியாத் தள்ளினா உத்தரத்துல இடிக்கும். ஆசிலேட்டரும் அப்படித்தான். உத்தரத்துல இடிச்சா அலையோட தலை மொட்டையாயிடும். மொட்டை அலை ஒரு சத்தமா இருக்காது. கூடவே மூணு மடங்கு, அஞ்சு மடங்குன்னு வேற சத்தமெல்லாம் ஒட்டிட்டு வரும். டிஸ்டார்ஷன்னு சொல்றது அதைத்தான். அதனால என்ன போச்சுங்கறீங்களா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! ஐநூறு சைக்கிள் சத்தம், அதாவது செகண்டுக்கு ஐநூறு தரம் ஏறி எறங்கற தடிமனான சத்தம், கேக்காத குழந்தைக்கு ஐநூறு போடறோம். அலை மொட்டையா இருந்தா ஆயிரத்து ஐநூறும் கூடவே வரும். குழந்தைக்கு அது கேக்கும். பட்டனை அமுக்கிடும். நாம என்ன எழுதுவோம்? ஐநூறு கேக்குது, காது நல்லா இருக்குன்னு எழுதிடுவோம். ஒரு குழந்தையோட தலையெழுத்து அதுல இருக்கு. இதை முதலாளிக்கும் ட்ரஸ்ட்காரங்களுக்கும் போர்டுல வரைஞ்சு காட்டினவன் நான். நாந்தான்!

விலை கூடின மெஷின்ல இதுக்குத் தனியா ஒரு சர்க்யூட்டே வெச்சு அலையைக் கட்டுப்படுத்துவாங்க. நான் ஒரு பல்பு வெச்சேன். கல்யாணத்துக்குத் தொங்க விடறாங்களே சீரியல் செட்டு, அதுல இருக்கற சின்ன பல்பு. அலை பெருசானா பல்போட இழை சூடாகும். சூடானா தடை ஏறும். தடை ஏறினா தள்ளற வேகம் தானாக் குறையும். பல்பு எரியாதுங்க, வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, பழைய முறை. ஆனா அதை இந்த விலைக்கு, இந்த சுத்தத்துல செஞ்சது நான். இருநூறு பல்பு வாங்கி, ஒவ்வொண்ணா மீட்டர்ல வெச்சு, பன்னெண்டு பொறுக்கினேன். என் சம்சாரம் கேட்டா, "பொண்ணு கல்யாணத்துக்கு வாங்காத லைட்டெல்லாம் இப்ப எதுக்குங்க வாங்கறீங்க?"ன்னு.

கரண்டைச் சேத்து வெக்கற கெப்பாசிட்டர்லயும் அப்படித்தான். நல்ல ஜாதி கெப்பாசிட்டர் பெரிய மதிப்புல வாங்கினா விலை கட்டாது. சின்னதாப் போட்டேன். அதுக்கு ஈடா, கரண்டைத் தடுக்கற ரெசிஸ்டரைப் பெருசாப் போட்டேன், தடை லட்சக்கணக்கு ஓம்ல. அதுக்குள்ள ஓடற கரண்ட், எறும்பு மூச்சு விடற அளவுதான் இருக்கும். போதும். அலைக்கு அது போதும்.

டெஸ்ட் பண்ணினோம். நூத்துக்கு அரைக்கால் பங்குகூட இல்லீங்க டிஸ்டார்ஷன். பன்னெண்டு மெஷினுக்கும் தனித்தனி டெஸ்ட் ஷீட்டு. என் கையெழுத்து. இப்பவும் ஆபீஸ் ஃபைல்ல இருக்கு. அதை யாராவது பாக்கறாங்களா? இல்ல.

டெலிவரிக்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. ஆயுத பூஜையும்தான். பட்டறைல எல்லாத்தையும் துடைச்சு, சால்டரிங் அயர்ன்ல இருந்து முதலாளி கார் வரைக்கும் சந்தனம், குங்குமம் வெச்சோம். பன்னெண்டு மெஷினும் வரிசையா இருக்கு. முதலாளி சொன்னார், "சென்னியப்பா, அதுமேல வைக்காதீங்க, ட்ரஸ்ட்காரங்களுக்குப் போற சரக்கு, கறையாயிடும்"னு. சரி, அவர் சொல்றதும் நியாயம். ஆனா ஆறு மாசம் ராத்திரி பகலா உழைச்ச பொருளை வெறும் நெத்தியோட அனுப்ப எனக்கு மனசு வருமா? ஒவ்வொண்ணுலயும் நாலு ஸ்க்ரூ. நாப்பத்தெட்டு ஸ்க்ரூவையும் கழட்டி உள்ள வெச்சேன். பன்னீர்ல குழைச்ச சந்தனம், அதுமேல குங்குமம். கண்ட எடத்துல வெக்கலை. எது அதோட மூளையோ அங்க வெச்சேன். ஐசிக்குப் பக்கத்துல, ரெசிஸ்டர் வந்து சேர்ற எடத்துல. மூடினேன். கற்பூரம் காட்டினேன். மறுநாள் வேன் வந்து ஏத்திட்டுப் போயிட்டாங்க.

திருப்பி டெஸ்ட் பண்ணினீங்களான்னா கேக்கறீங்க? எதுக்கு? டெஸ்ட் முடிஞ்சுதான் பூஜை. பூஜைக்கப்புறம் யாராவது டெஸ்ட் பண்ணுவாங்களா?

ஐப்பசி மழைல கேம்ப் ஆரம்பிச்சாங்க. ஊர் ஊராப் போனாங்க. பத்திரிகைல கூட ஒரு ஓரத்துல வந்துச்சு, குறைந்த செலவுல கருவின்னு. என் பேரு போடலை, பரவால்ல. அப்புறம் மார்கழில இந்த ஏழாம் நம்பர் திரும்பி வந்துச்சு. கூடவே இந்த அங்கமுத்து.

மகள் பேரு சுபிக்ஷா, நாலாவது படிக்குது. கேம்ப்ல காது நல்லா இருக்குன்னு சீட்டு. டீச்சருக்கு சந்தேகம் தீரலை. அந்தம்மாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அங்க பாத்தா ரெண்டு காதுலயும் உள்ள நீர் கட்டி, தடிமனான சத்தமெல்லாம் கேக்கறதே இல்லையாம். எத்தனை மாசமா இருக்கோ. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்துலயே போயிருக்கலாம், இப்ப ஆபரேஷன்னு சொல்லிட்டாங்களாம்.

அந்தாள் பட்டறைக்கு வந்து நிக்கறான். சீட்டை மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கான். சத்தம் போடுவான்னு பாத்தேன். சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், கணக்கு சரியாப் போயிருக்கும். போடலை.

"சார், கூப்பிட்டா திரும்ப மாட்டா. தறி ஓடற வீடு, முதல்ல காதுதான் கேக்கலையோன்னு நெனச்சேன். உங்க சீட்டுல காது நல்லா இருக்குன்னு போட்டிருந்துது. அப்ப திமிருதான்னு அடிச்சேன்"ங்கறான்.

அந்தச் சீட்டை வாங்கி மெஷின் நம்பரைப் பாத்தேன்.

"ஒரு தரம் ரெண்டு தரம் இல்லீங்க சார். எத்தனைன்னு எனக்கே தெரியலை"ங்கறான்.

நான் என்னங்க பண்ண முடியும்? குழந்தையை அடிக்கறது தப்புன்னு சொன்னேன். தப்புதானே? சட்டப்படியே தப்பு. அவன் என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டான். அவன் கைய நீட்டினதுக்கு என் சர்க்யூட்டுங்களா பொறுப்பு? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

இப்ப அந்த அம்மணிக்கு வரேன். நித்திலா. தாராபுரத்துப் பக்கம். வேலைக்குச் சேந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. இருபத்து நாலு வயசு இருக்கும். நான் போட்ட பல்பு சர்க்யூட்டை முதல் தரம் பாத்துட்டு, "சார், இது கவிதை மாதிரி இருக்கு"ன்னா. அப்ப நல்ல பொண்ணாத்தான் தெரிஞ்சா. ஏழாம் நம்பரை மீட்டர்ல மாட்டினா. டிஸ்டார்ஷன் நூத்துக்கு ஒம்பது காட்டுது. ஒம்பது! மீட்டர் கெட்டுப் போச்சுன்னேன். வேற மீட்டர் கொண்டாந்தா. அதுலயும் ஒம்பது. ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள பாத்தா. மூடியைத் திருப்பி மேல வெச்சா. அப்புறம் மெதுவா, "சார், கொஞ்சம் தனியாப் பேசலாமா?"ன்னா.

தனியா எதுக்கு? எங்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. இங்கயே சொல்லுன்னேன். எல்லாரும் இருந்தாங்க. முதலாளி, சால்டரிங் பண்ற பொம்பளைங்க நாலு பேர், ஸ்டோர்ஸ் கதிரேசன். சொன்னா.

"சார், சந்தனம் மழை ஈரத்தை இழுத்திருக்கு. குங்குமத்துல சுண்ணாம்பு இருக்கும். உங்க ரெசிஸ்டர் லட்சக்கணக்குல இருக்கறதால, கரண்ட் அது வழியாப் போகாம இது வழியாக் குறுக்க போயிடுது. தள்ளற வேகம் ஜாஸ்தியாகி, பல்பால தாங்க முடியாம, அலை மேல இடிக்குது."

எனக்கு எப்படி இருக்கும்? சந்தனத்தால கெட்டுப் போச்சாம். வீட்ல வாசப்படிக்கு வெக்கறோம், ஆஸ்பத்திரில எக்ஸ்ரே மெஷினுக்கு வெக்கறாங்க, இந்த பஸ் கண்ணாடிலயே வெச்சிருக்கு பாருங்க, பஸ் நின்னுடுச்சா? "அம்மணி, இருபத்தாறு வருஷமாப் பொட்டு வெச்சுட்டு இருக்கேன், ஒரு மெஷின் கெட்டதில்ல"ன்னேன். "வெளில வெச்சீங்க சார். இது வரைக்கும் உள்ள வெச்சதில்ல"ங்கறா. பதிலுக்குப் பதில். கதிரேசன் வேற, "அண்ணா, சாமி கும்பிட்டதுல ஷார்ட் சர்க்யூட் ஆயிடுச்சுங்களா?"ன்னு சிரிக்கறான். அவனெல்லாம் சிரிக்கறான்!

நிரூபின்னேன். வாய் தவறிச் சொல்லிட்டேன். போய் ஒரு புது போர்டு எடுத்துட்டு வந்தா. மீட்டர்ல மாட்டினா. முள்ளு கீழேயே கெடக்கு, அத்தனை சுத்தம். முதலாளி பூஜை அலமாரில இருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தா. என் கண்ணு முன்னாடி, மோதிர விரலால தொட்டு, நான் எங்க வெச்சேனோ அதே எடத்துல ஒரு பொட்டு வெச்சா. முள்ளு ஏறுச்சுங்க. அவ கையை எடுக்கறதுக்குள்ள ஏறுச்சு. எல்லாரும் முள்ளைப் பாக்கலை, என்னைப் பாத்தாங்க.

கை ஆடுச்சு, பல்பு அதிர்ந்திருக்கும்னேன். பழுத்த அனுபவம் இல்லாதவ வெச்சா அப்படித்தான் ஆகும்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நாலு எழுத்துப் படிச்சுட்டு வந்து பெரியவங்க தலைல ஏறி உக்காரப் பாக்கறியான்னேன். உங்க வீட்ல சாமி கும்பிடக் கத்துக் குடுக்கலையான்னேன். அதுக்கு மட்டும் அவ கண்ணு கலங்குச்சு. கிண்ணத்தைக் கொண்டு போய் வெச்ச எடத்துல வெச்சா, கையைக் கழுவினா. ஏழாம் நம்பரைத் தூக்கிட்டு நான் கெளம்பி வந்துட்டேன். அன்னிக்கு வந்தவன்தான். பத்து நாளாச்சு. முதலாளி நாலு தரம் கூப்பிட்டார். எடுக்கலை.

என்ன கேட்டீங்க? மத்த பதினொண்ணா? அதெல்லாம் ட்ரஸ்ட்காரங்ககிட்ட இருக்கு. கேம்ப் நடந்துட்டுத்தான் இருக்கும். ஆமா, பதினொண்ணுலயும் வெச்சேன். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம இருப்பனா?

ஐநூறு போட்டா ஆயிரத்து ஐநூறு கேக்கும்னு நாந்தானே சொன்னேன்னு மடக்கறீங்களா? நான் சொன்னது மட்டமான சர்க்யூட்டுக்கு. என் சர்க்யூட்டுக்கு இல்ல. நீங்களும் அந்த அம்மணி மாதிரியே பேசறீங்க. யாருக்கும் முழுசாக் கேக்கற பொறுமை இல்ல.

என்னது? உங்க பேரனா? எந்த ஸ்கூல்? நாளைக்கா கேம்ப்? அதே ட்ரஸ்ட்டா?

அனுப்பாதீங்க.

அனுப்பாதீங்கன்னா அனுப்பாதீங்க. காரணமெல்லாம் கேக்காதீங்க. காய்ச்சல்னு லீவு சொல்லிடுங்க. அந்த வயசுல ஒரு நாள் ஸ்கூலுக்குப் போகலைன்னா என்ன கொறைஞ்சு போச்சு? மத்த குழந்தைங்களா? மத்த குழந்தைங்களை நான் என்னங்க பண்ண முடியும், ஊர் ஊராத் தண்டோரா போடவா?

அப்படிப் பாக்காதீங்க. அங்கமுத்தும் இப்படித்தான் பாத்தான்.

போன் பண்ணணுமா? நான் பண்ண மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசறதா இல்ல. நீங்க வேணும்னா பேசுங்க. இந்தாங்க. நித்திலான்னு இருக்கும், கீழ, இன்னும் கீழ. ஆங், அதுதான். உங்க பேரனுக்கு நாளைக்குக் கேம்ப், எந்த மெஷின்ல பாக்கறாங்கன்னு கேளுங்க. அப்படியே, பதினொண்ணையும் திருப்பி எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னதாச் சொல்லாதீங்க. பஸ்ல யாரோ சொன்னாங்கன்னு சொல்லுங்க. சத்தமாப் பேசுங்க, இந்த ஆள் ஹாரனை விட்டு கை எடுக்க மாட்டான்.

என்ன சொல்றா?

எடுத்தாச்சா? பதினொண்ணுமா? எப்ப?

பத்து நாளைக்கு முன்னாடியே ட்ரஸ்ட்டுக்குக் கடிதாசி போயிடுச்சா? இருங்க, இருங்க. அதுக்கப்புறம் என்ன சொன்னா? திருப்பிச் சொல்லுங்க. "கருவியை வடிவமைத்த சென்னியப்பன் அவர்களே சந்தேகப்பட்டு, உடனே திரும்பப் பெறச் சொன்னார்"னா? அப்படியா எழுதியிருக்கா? என் பேரைப் போட்டா? நாளைக்குக் கேம்ப்ல வாடகை மெஷினா? இதுவரைக்கும் பாத்த குழந்தைங்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டுப் பாக்கறாங்களா?

இன்னொண்ணு சொல்றாளே, என்ன? வெளில இருக்கறது இனி ஒரே ஒரு மெஷின்தானா? ஏழாம் நம்பர். இதுவா. அதையும் சார் குடுத்துட்டாத் தேவலைங்கறாளா?

குடுங்க இங்க அந்த போனை. ஏம்மா, நித்திலா. நான் எப்பம்மா சொன்னேன் திருப்பி எடுக்கச் சொல்லி? பொய் எழுதியிருக்கே. என்னைக் கேக்காம என் பேர்ல எழுத உனக்கு யார் உரிமை குடுத்தாங்க? என்னிக்கும்மா எழுதினே? அன்னிக்கேவா? நான் திட்டினதுக்கு முந்தியா, பிந்தியா? பிந்திதானா?

சரி. சரிம்மா. வெச்சுடு.

பாத்தீங்களா? பாத்தீங்களா அக்கிரமத்தை? ஆறு மாசம் உழைச்சதுக்கு எவனும் என் பேரைப் போடலை. நான் செய்யாததுக்குப் போட்டிருக்கா. எனக்கு எவளும் பிச்சை போட வேண்டாம். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஆபீஸ்ல இருப்பேன். அந்தக் கடிதாசியைக் கொண்டாங்கன்னு கேப்பேன். திருத்தி எழுத வெப்பேன். சென்னியப்பன் சந்தேகப்படலை. சந்தேகப்பட்டவளை எல்லார் முன்னாடியும் திட்டினான். கண்டுபிடிச்சது நித்திலா. பொட்டு வெச்சது சென்னியப்பன். அப்படி எழுதுங்க, அதுல கையெழுத்துப் போடறேன். இந்தப் பொய்க்குப் போட மாட்டேன். என்னை யாருன்னு நெனச்சுட்டு இருக்கா அவ?

புளியம்பட்டி வந்துடுச்சா? கண்டக்டர், ஆள் எறங்கணும்! கள்ளிமேட்டுப்பாளையத்துக்கு இங்க இருந்து எவ்வளவு தூரம்னு தெரியுங்களா? நடக்கற தூரம்னா அங்கமுத்துவைப் பாத்துட்டு வந்துடறேன். இந்தப் பெட்டியை அங்க தூக்கிட்டுப் போறது சரியில்ல. நீங்க எறங்கற சத்தி பஸ் ஸ்டாண்டுல பார்சல் ஆபீஸ் இருக்குங்களே, அதுல கணபதிக்குப் போட்டு விட்டுடறீங்களா? அட்ரஸ் அடில ஒட்டியிருக்கு. மடியிலயே வெச்சுக்கங்க, கீழ வெச்சுடாதீங்க.